ரேகை விழாத விரல்கள்

தென்காசி வட்டாரத்திலிருந்து:
சென்ற மாதம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆச்சி, ஐம்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றியவர். ஒவ்வொரு விரலையும் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துக் கருவியில் வைத்தார், எதுவும் பதியவில்லை. "ரேகை விழல ஆச்சி, பேரனைக் கூட்டிட்டு வாங்க" என்றார் விற்பனையாளர். பேரன் திருப்பூரில் இருக்கிறான். வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவர் போய்விட்டார். அடுத்து நின்ற நான் அரசு ஊழியன். எனக்கு முதல் தடவையிலேயே பதிந்தது. கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு தருவதற்கு அரசு ஏற்கும் செலவில் என் வீட்டுக்குப் பங்கு வந்தது, ஆச்சிக்கு வரவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது. என்னைப் போன்றவர்களை அந்த வரிசையிலிருந்தே நீக்கிவிட வேண்டும்.

சேலத்திலிருந்து:
உங்கள் வருத்தம் புரிகிறது, முடிவை ஏற்க முடியவில்லை. 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டை வைத்து அட்டைகளைப் பிரித்தபோதும் தமிழகம் எல்லோருக்குமான விநியோகத்தைக் கைவிடவில்லை. ஆச்சி எந்தச் சான்றும் காட்டாமல் வரிசையில் நிற்க முடிவது அதனால்தான். சல்லடை போட்டால் யார் கீழே விழுவார்கள் என்பதை 2023இல் என் அக்கா வீட்டில் கண்டேன். மகளிர் உரிமைத் தொகை பெற, ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. அவர்களுடையதோ மூன்று குடும்பங்கள் ஒரே மீட்டரில் வாழும் ஓட்டு வீடு. நிராகரிப்புக் குறுஞ்செய்தியை நான் படித்துக் காட்டியதும், "நம்ம வீட்டுல ஏசி இருக்குன்னு நெனச்சுட்டாங்களா தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

நாகையிலிருந்து:
யாருக்குக் கொடுக்கலாம் என்று நீங்கள் இருவரும் வழக்காடுகிறீர்கள். ஆச்சிக்கு இந்த மாத அரிசி வேண்டும். நாற்று நட்டே தேய்ந்த என் பெரியம்மாவின் விரல்களும் இப்படித்தான் திருப்பி அனுப்பப்பட்டன. ஆகவே சொல்கிறேன்: கருவிழிப் பதிவுக் கருவி உண்டா என்று கடையில் கேளுங்கள், இல்லையென்றால் வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பியுங்கள். நடக்க முடியாத முதியவர் தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் இருக்கிறது. முதியவர்களின் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டமும் 2025 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. ஆச்சியின் பெயர் அந்தப் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். சேலத்து அக்காவும் மின் கட்டண அட்டையோடு கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும். அதற்குக் கொடுத்த அவகாசம் 30 நாள்தான்.

தென்காசி வட்டாரத்திலிருந்து:
கடையில் கேட்டேன். கருவிழிக் கருவி வந்திருக்கிறது, இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை என்றார்கள். நாளைக் காலை ஆச்சியோடு நானும் போகிறேன்.