ஸ்டிக்கரில் 21, சாலையில் 16: முழு அளவு பிக்கப் டிரக்கின் உண்மையான மைலேஜ் எவ்வளவு?

கேட்டிவாசி (ஹூஸ்டன், டெக்சாஸ்) கேட்டது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். ஐந்து மாதங்களுக்கு முன் 2021 மாடல் ஃபோர்டு எஃப்-150 ஒன்றைத் தனிநபர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். 2.7 லிட்டர் டர்போ வி6 எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் கொண்டது. இந்த மாடலுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்து, புதிய வண்டியின் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரில் அச்சிடப்படும் மைலேஜ், நகருக்குள் கேலனுக்கு 19 மைல், நெடுஞ்சாலையில் 24, இரண்டும் சேர்ந்து 21. வேலை நிமித்தமாக வாரம் ஒருமுறை ஐ-10 நெடுஞ்சாலையில் சான் அன்டோனியோ வரை போய் வருகிறேன். என் ஓட்டத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலைதான் என்பதால் 22 அல்லது 23 கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். ஆனால், டேங்கை நிரப்பிய ஒவ்வொரு முறையும் ஓடிய மைலைப் போட்ட கேலனால் வகுத்துக் குறிப்பேட்டில் எழுதிவந்ததில், கடந்த ஒன்பது டேங்குகளின் சராசரி 15.9 மட்டுமே வருகிறது.

மெக்கானிக் ஒருவரிடம் காட்டியதில் எஞ்சினில் குறையேதும் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். நான் வேகமாக ஓட்டுபவனும் அல்லன். வேக வரம்பு 75 உள்ள இடத்தில் வேகத்தைத் தானே நிலையாக வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோலைச் சரியாக 75-இல் வைத்துவிடுவேன். முந்தைய உரிமையாளர் வண்டியை 2 அங்குலம் உயர்த்திப் பெரிய டயர்கள் போட்டிருக்கிறார் என்பதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் இல்லை. ஸ்டிக்கர் எண்ணை நம்பியது என் தவறா, அல்லது என் கணக்கிலேயே பிழை இருக்கிறதா? இதே அளவு வண்டி வைத்திருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

டெட்ராய்ட் பொறியாளர் எழுதியது:

வணக்கம் நண்பரே. "வேறு மாற்றம் எதுவும் இல்லை" என்று நீங்கள் எளிதாகக் கடந்து சென்ற அந்த டயரில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் பாதி இருக்கிறது என்று நினைக்கிறேன். டயரின் பக்கச் சுவரில் உள்ள அளவைப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்குமுன் ஸ்டிக்கர் எண் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று விளக்கிவிடுகிறேன், ஏனெனில் அதை அறியாமல் ஒப்பிடுவதால்தான் பலரும் மனம் வருந்துகிறார்கள்.

அந்த எண் சாலையில் ஓட்டி எடுக்கப்படுவதில்லை. வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, காற்றுத்தடைக்கும் டயர் உராய்வுக்கும் ஈடான சுமையை அந்த உருளைகளின் வழியே கொடுத்து, வகுத்துவைத்த வேக அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். நெடுஞ்சாலைச் சோதனை என்று பெயர் பெற்ற அட்டவணையின் சராசரி வேகம் மணிக்கு 48 மைல்தான். அதன் உச்ச வேகம்கூட 60-ஐத் தாண்டுவதில்லை. 1985 முதல் நகர எண்ணில் 10 சதவீதத்தையும் நெடுஞ்சாலை எண்ணில் 22 சதவீதத்தையும் கழித்து வெளியிட்டார்கள். 2008 மாடல்களிலிருந்து, 80 மைல் வரை விரைந்து ஓட்டும் சோதனை, 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் ஏசி ஓடும் சோதனை, 20 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் நடக்கும் சோதனை ஆகியவற்றின் பாதிப்பும் சேர்க்கப்படுகிறது. ஆனாலும் பல மாடல்களுக்கு பழைய நகர, நெடுஞ்சாலைச் சோதனைகள் இரண்டை மட்டும் நடத்தி, மற்ற மூன்றின் பாதிப்பைச் சமன்பாட்டின் வழியாகக் கணக்கிட விதி இடம் தருகிறது. ஆகவே, ஸ்டிக்கரில் உள்ள 24 என்பது 75 மைல் வேகத்தில் மணிக்கணக்காக ஓடும் வண்டிக்கான எண் அன்று.

சிறிய காருக்கும் இதே சோதனைதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் பிக்கப்பின் முகப்புப் பரப்பு மிகப் பெரியது, பின்புறம் திறந்த பெட்டி. காற்றுத்தடை வேகத்தின் இருமடியாக உயர்வதால், 65-இலிருந்து 80-க்குப் போகும்போது தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. தாழ்வான செடானில் ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடிய அந்த உயர்வு, சுவர்போல நிமிர்ந்து நிற்கும் டிரக்கில் எரிபொருளை நேரடியாக விழுங்குகிறது. வண்டியை 2 அங்குலம் உயர்த்தினால் அடிப்பகுதிக்குள் இன்னும் அதிகக் காற்று புகுந்து சுழல்கிறது. டெய்ல்கேட்டை, அதாவது பெட்டியின் பின்கதவை, இறக்கிவிட்டால் காற்று சுலபமாக வெளியேறும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. மூடிய பெட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் தங்கி, மேலே வரும் காற்றைப் பெட்டியைத் தாண்டி வழுக்கிச் செல்லவிடுகிறது. டெய்ல்கேட்டை இறக்கினால் அந்தச் சுழல் கலைந்துவிடும்.

கேட்டிவாசி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. டயரில் 285/75 ஆர்18 என்று இருக்கிறது. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியுள்ள தாளில் 275/65 ஆர்18 என்று போட்டிருக்கிறார்கள்.

டெட்ராய்ட் பொறியாளர் எழுதியது:

நான் எண்ணியது சரியாகிவிட்டது. கதவில் எழுதியுள்ள டயரின் விட்டம் சுமார் 32.1 அங்குலம், உங்களிடம் இருப்பது சுமார் 34.8 அங்குலம். சக்கரம் ஒருமுறை சுற்றும்போது வண்டி ஏறக்குறைய எட்டரை சதவீதம் கூடுதலாக நகர்கிறது, ஆனால் ஓடோமீட்டருக்கு அது தெரியாது. முந்தைய உரிமையாளர் புதிய அளவை வண்டியின் கணினியில் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், இரண்டு விளைவுகள் ஏற்படும். முதலாவது, நீங்கள் உண்மையில் ஓடிய தூரம் குறிப்பேட்டில் உள்ளதைவிட அதிகம், எனவே உண்மையான மைலேஜ் 15.9 அன்று, 17-க்கு மேல். இரண்டாவதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கருத வேண்டும்: மீட்டரில் 75 காட்டும்போது நீங்கள் உண்மையில் 81 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். 75 என்று நம்பி 81-இல் போவது எரிபொருளை மட்டுமன்றி, பிரேக் பிடித்து நிறுத்தும் தூரத்தையும் பாதிக்கும். காவலரிடம் அபராதச் சீட்டு வாங்கவும் அது போதும்.

சரிபார்ப்பது எளிது. ஐ-10 ஓரமாக நிற்கும் பச்சை மைல் பலகைகளில் 50 மைலுக்கு எண்ணி, டிரிப் மீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மேலும், இத்தகைய கனமான டயர்களைச் சுழற்றவே கூடுதல் ஆற்றல் வேண்டும். உங்கள் வண்டியின் ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற, அதை இயக்கும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு) 3.55 என்றால், விட்டம் பெருகியதால் அது நடைமுறையில் 3.27 போல ஆகிவிட்டது. சிறு மேட்டில்கூடக் கியர் கீழே இறங்கி, டர்போ முழுவீச்சில் வேலை செய்யும். டர்போ எஞ்சின் சிக்கனமாக ஓடுவது சுமை குறைவாக இருக்கும்போதுதான். அழுத்தினால் அதுவும் பெரிய எஞ்சின் அளவுக்குப் பெட்ரோல் குடிக்கும்.

மினசோட்டா தம்பி எழுதியது:

டெக்சாஸ் அண்ணனுக்கு ஒரு ஆறுதல்: எங்கள் ஊர்க் குளிர் உங்களுக்கு இல்லை. ஜனவரியில் என் ஷெவர்லே சில்வராடோ பிக்கப்பை ரிமோட் மூலம் 15 நிமிடம் முன்கூட்டியே ஓடவிட்டுத்தான் ஏறுகிறேன். அந்த நேரத்தில் பெட்ரோல் எரிகிறது, வண்டியோ ஓர் அடிகூட நகர்வதில்லை. குளிர்காலத்து அடர்ந்த காற்றும், கெட்டியாகிப்போன எண்ணெயும், குறைந்துவிட்ட டயர் காற்றழுத்தமும் சேர்ந்து, கோடையில் 20 தரும் வண்டி 16-க்கு இறங்கிவிடுகிறது. டயர் அழுத்தத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறைந்தால் மைலேஜில் ஏறக்குறைய 0.2 சதவீதம் போகும் என்பார்கள், நான்கு டயரிலும் 8 குறைந்திருந்தால் அது பொருட்படுத்த வேண்டிய அளவுதான்.

கொலராடோ மலைப்பாதை எழுதியது:

நான் அதே எஃப்-150-இன் ஹைபிரிட் வைத்திருக்கிறேன், நான்கு சக்கர இயக்கம். இதன் ஸ்டிக்கரில் நகரம் 24, நெடுஞ்சாலை 24. இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தாலே ஹைபிரிட் எங்கே உதவும், எங்கே உதவாது என்பது விளங்கிவிடும். சிக்னலுக்குச் சிக்னல் பிரேக் பிடிக்கும் நகர ஓட்டத்தில் அந்த ஆற்றல் மின்கலத்துக்குத் திரும்புகிறது; சமவெளி நெடுஞ்சாலையில் திரும்பப் பெற எதுவும் இல்லை. டென்வர் நகருக்குள் எனக்கு 23 வருகிறது. 75 மைல் வேகத்தில் 20-ஐத் தாண்டுவதே அரிது. கேட்டிவாசி அவர்களின் ஓட்டத்துக்கு ஹைபிரிட் பெரிய மாற்றம் தராது என்பது என் கருத்து.

நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு டீசலே பொருத்தம். சில்வராடோவின் 3.0 லிட்டர் டீசல், 2020 மாடலில் இரு சக்கர இயக்கத்துடன் நெடுஞ்சாலைக்கு 33 என்ற எண்ணைப் பெற்றது. ஆனால், உங்கள் பகுதியில் டீசல் விலை பெட்ரோலைவிட எவ்வளவு அதிகம் என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். மைலேஜில் சேமித்ததை விலை வித்தியாசம் தின்றுவிடக்கூடும்.

டிரெய்லர் இழுப்பதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். 24 அடி டிராவல் டிரெய்லரை (பயணத்தில் தங்குவதற்கான இழுவை வீட்டை) மாட்டினால், 65 மைல் வேகத்தில் எனக்குக் கேலனுக்கு 10 மைல்தான் கிடைக்கிறது. எடைதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, ஏறக்குறைய அதே எடைக்குச் சரளைக்கல் ஏற்றிய தாழ்வான டிரெய்லரை இழுத்தபோது 14 வந்தது. வண்டியின் கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்தத் தட்டையான முகம் காற்றைத் தள்ளுவதுதான் உண்மையான சுமை. 30.6 கேலன் டேங்க் இருந்தும் 230 மைலுக்கு ஒருமுறை பம்ப் தேடுகிறேன்; அதையும் டிரெய்லரோடு உள்ளே நுழைந்து வெளியேறக்கூடிய பம்பாகத் தேட வேண்டியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒரு வேண்டுகோள். மைலேஜைக் கேலனுக்கு இத்தனை மைல் என்று மட்டும் பார்க்காமல், 100 மைலுக்கு எத்தனை கேலன் என்றும் பாருங்கள். விண்டோ ஸ்டிக்கரிலேயே அந்த எண் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது, பெரும்பாலோர் கவனிப்பதில்லை. 5.7 லிட்டர் வி8 கொண்ட 2021 டொயோட்டா டண்ட்ராவின் நான்கு சக்கர வகைக்கு 14 மைல். 2022-இல் வந்த ஹைபிரிட் டண்ட்ராவின் நான்கு சக்கர வகைக்கு 20. வெறும் 6 மைல்தானே என்று தோன்றும். ஆனால் 100 மைலுக்கு 7.1 கேலன் எரித்த இடத்தில் இப்போது 5 கேலன். ஆண்டுக்கு 15,000 மைல் ஓடுபவருக்கு இது 320 கேலன் சேமிப்பு. ஒருவர் 40 தரும் காரை விட்டு 50 தரும் காருக்கு மாறினால், அதே தூரத்துக்கு 75 கேலன்தான் மிஞ்சும். டிரக் வைத்திருப்பவர்கள் ஒன்றிரண்டு மைல் கூடுவதை அற்பமாக எண்ணக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கீழ்நிலையில் கூடும் ஒவ்வொரு மைலும் மதிப்பு மிக்கது.

டாஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பாமல் கையால் கணக்கிட்டது நல்ல பழக்கம். என் வண்டியில் அது எப்போதும் ஒரு மைல் அதிகமாகவே காட்டுகிறது. எப்போதும் ஒரே பம்பில் நிரப்பி, அது முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள். 20 கேலனில் அரை கேலன் முன்பின் ஆனாலே இரண்டரை சதவீதப் பிழை வந்துவிடும்.

கேட்டிவாசி எழுதியது:

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மைல் பலகைகளின்படி 50 மைல் ஓடியபோது டிரிப் மீட்டர் 46.2 மட்டுமே காட்டியது. அதன்படி திருத்தினால் என் பழைய சராசரி 15.9 அன்று, 17.2. டயர் அளவைக் கணினியில் பதிவு செய்யச் செய்தேன், காற்றழுத்தத்தையும் சரிபார்த்தேன். இப்போது உண்மையான 70-இல் வலப்பக்கத் தடத்தில் போகிறேன். நான்கு டேங்குகளின் சராசரி 18.6. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன முறையில் பார்த்தால் 100 மைலுக்கு 5.8 கேலன் இருந்தது 5.4 ஆகியிருக்கிறது, சான் அன்டோனியோவுக்குப் போகும் நேரத்தில் 20 நிமிடம் மட்டுமே கூடியிருக்கிறது.

இந்த டயர்கள் தேய்ந்ததும் கதவில் எழுதியுள்ள பழைய அளவையே வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். வண்டியின் தோற்றம் பிடித்துப்போன என் மகனுக்குத்தான் அதில் வருத்தம்.