மறு: வேப்பர் லாக் – பூட்டா, அடைப்பா, கட்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக இந்த இழையைச் சும்மா படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சினுக்கு வராமல் வண்டி நின்றுபோவது, என்பதற்கு ஆவிப்பூட்டு, ஆவித்தடை, ஆவியடைப்பு என்று மூன்று சொல் வந்தன. ஆவிப்பூட்டு என்றே வைத்து நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று எல்லோரும் எழுந்திருக்கிற நேரத்தில் குறுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மொழியியல் படித்தவன் இல்லை. ஆனால் என்னிடம் அப்பா காலத்துப் பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது, மதுரையில் ஓடுகிறது, அக்னி நட்சத்திரத்திலும் ஓடுகிறது. அதனால் சொல் தெரியாவிட்டாலும் பொருள் நன்றாகவே தெரியும்.

பத்மினியைப் பார்க்காத இளையவர்களுக்காக: அது இத்தாலிக்காரன் வண்டிதான். ஃபியட் 1100, அங்கே 1953-ல் வந்த குடும்பம். அதில் 1962-ல் வந்த 1100 டி என்ற மாதிரியை அவர்கள் 1966-லேயே விட்டுவிட்டார்கள். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அதையே பிடித்துக்கொண்டு, 1974-ல் பத்மினி என்று பெயர் மாற்றி, 2000 வாக்கில் நிறுத்தும்வரை இழுத்தது. 1089 சிசி எஞ்சின், ஸ்டீயரிங் பக்கத்தில் கியர். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அது பத்மினி இல்லை, "ஃபியட்"தான்.

இந்த விவாதத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பெட்ரோல் டேங்க் பின்னால் டிக்கியில் இருக்கிறது, பம்ப் முன்னால் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அந்தப் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதில்லை. கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள உள்ளே ஒரு ரப்பர் சவ்வு மேலும் கீழும் போய், வண்டியின் முழு நீளத்துக்கும் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். உறிஞ்சினால் குழாய்க்குள் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். பெட்ரோல் ஒரே சரக்கு இல்லை, பல எண்ணெய்களின் கலவை. அதில் லேசானவை 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மே மாதம் மதுரையில் வெளிக்காற்றே அந்தச் சூட்டில் இருக்கிறது, எஞ்சின் பக்கத்துக் குழாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழாயில் பெட்ரோல் ஆவியானதும் பம்ப் அந்த ஆவியை அமுக்குகிறது, விடுகிறது, அமுக்குகிறது, விடுகிறது. வால்வு திறக்கிற அளவுக்கு அழுத்தம் சேராது. டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டருக்கு ஒரு சொட்டு வராது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், சித்திரையில், மத்தியானம் ஒரு மணிக்குக் கோரிப்பாளையம் சிக்னலில் இருபது நிமிடம் நெரிசலில் நின்றபோது எனக்கு இது நடந்தது. இரண்டு விக்கல் விக்கி வண்டி அணைந்தது. பானெட்டைத் திறந்தால், குழாயில் நான் மாட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் ஃபில்டருக்குள் பெட்ரோல் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, அந்தப் பாதியும் கோலி சோடாவை உடைத்த மாதிரி குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது என்னவென்று எனக்குத் தெரியாது. இரண்டு பையன்கள் வந்து தள்ளி ஓரம் கட்டிக் கொடுத்தார்கள். அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரே செல்ஃபில் கிளம்பியது.

அப்புறம் ஒரு ஒர்க் ஷாப். பெயர் வேண்டாம். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், அதில் பெட்ரோல் வருகிற சின்னத் துளையான ஜெட்டை ஊதினார்கள், இக்னிஷன் காயிலை மாற்றினார்கள், மறுபடி ஜெட்டை ஊதினார்கள். "அடைப்பு இருக்கு சார்" என்று ஒவ்வொரு தடவையும் அதே சொல். காலையில் எடுத்தால் ஜோராக ஓடும், மத்தியானம் நிற்கும். மூன்றாம் தடவைக்கு அப்புறம் ஒர்க் ஷாப் ரோட்டில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. எத்தனை மணிக்கு நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் கிளம்புகிறது என்று இரண்டே கேள்வி. "பெட்ரோல் ஏறல தம்பி, சூட்டுல ஆவியாயிருது. ஈரத்துணியப் பம்பு மேல போட்டுட்டுச் செத்த நேரம் உக்காருங்க." பிறகு பம்பைக் கழற்றிக் காட்டினார். பம்புக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் சூடு ஏறாமல் இருக்க பேக்லைட் கட்டை ஒன்று இருக்க வேண்டும். எவனோ அதை எறிந்துவிட்டு வெறும் காகித பேக்கிங் வைத்து முறுக்கியிருந்தான். கட்டையைப் போட்டு, சைலன்சர் பக்கம் உரசிக்கொண்டு போன குழாயை விலக்கிக் கட்டினார். பாதித் தொல்லை அன்றோடு போயிற்று.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

> லாக் என்றால் பூட்டு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது ஐயா. தமிழில் "வண்டி பூட்டியாச்சு" என்றால் வண்டி கிளம்பத் தயார் என்று பொருள். மாடு பூட்டுவது, ஏர் பூட்டுவது எல்லாமே புறப்படுவதற்கு. நின்றுபோன வண்டிக்குப் போய் அந்தச் சொல்லை வைக்கலாமா? சரி, அது பழைய வழக்கு, இன்றைக்குப் பூட்டு என்றால் திண்டுக்கல் பூட்டுதான் என்பீர்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் பூட்டை ஒருவன் பூட்டியிருக்க வேண்டும், திறக்கச் சாவி வேண்டும். இது தானாக வந்து தானாகப் போகிறது. லாக் என்ற சொல் எதிரே நின்றதால் மட்டும்தான் நமக்குப் பூட்டு நினைவுக்கு வந்தது. நோய் மட்டும் தெரிந்து ஆங்கிலப் பெயர் தெரியாத ஒருவர் ஆயிரம் வருடம் யோசித்தாலும் இதைப் பூட்டு என்று சொல்ல மாட்டார்.

> பம்புசெட்டில் "காத்துப் பிடிச்சிருச்சு" என்கிறார்களே, அதை ஒட்டி ஆவிப்பிடிப்பு என்றால் என்ன?

இதை எழுதிய மேலூர் நண்பரின் காதுக்கு ஒரு கும்பிடு. வாயுப்பிடிப்பு என்று இருக்கவும் இருக்கிறது. ஆனால் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "காருக்கு ஆவி பிடிச்சிருச்சு" என்றதும் அம்மா, "ஜலதோஷமா, இல்லை பாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணுமா?" என்றார். ஆவி பிடிப்பது என்றால் நமக்குப் போர்வைக்குள் வேது பிடிப்பது. பிடித்தது என்றால் பேய். பட்டியலில் ஏற்றினால் படிக்கிற பிள்ளைகள் சிரித்தே செத்துவிடும்.

இன்னொன்று, பம்புசெட் உவமையில் ஒரு பள்ளம் இருக்கிறது. கிணற்று மோட்டாரிலும் டிராக்டரிலும் பிடிப்பது வெளிக்காற்று. டீசல் தீர்ந்து ஓடினால் குழாயில் காற்று ஏறிவிடும், அதை நட்டைத் தளர்த்தி வெளியேற்றியே ஆகவேண்டும். "ஏர் எடுக்கணும்" என்பார்கள். பத்மினிக் குழாயில் இருப்பது பெட்ரோலேதான், உருவம் மாறியிருக்கிறது. ஆறினால் மறுபடி பெட்ரோல். வெளியே எடுக்க ஒன்றும் இல்லை. ஆகவே காற்றுப் பிடிக்கிற ஏர் லாக்குக்கும் இதற்கும் ஒரே சொல் கூடாது. முன்பாதியில் ஆவி இருந்தே தீரவேண்டும்.

அடுத்தது ஆவியடைப்பு. உண்மையைச் சொன்னால் போன வாரம் வரை என் ஓட்டு இதற்குத்தான். கோவை நண்பர் எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி: நீரடைப்பு என்றால் நீர் அடைபடுகிறது, மூச்சடைப்பு என்றால் மூச்சு அடைபடுகிறது, அப்படியானால் ஆவியடைப்பில் ஆவி அடைபடுகிறதா, ஆவி அடைக்கிறதா? இதற்கு என்னிடம் பதில் இருந்தது. கல்லடைப்பு. சிறுநீரகக் கல் வந்தவரிடம் கேளுங்கள், அடைபட்டது கல் இல்லை, கல்தான் அடைத்தது. மாரடைப்பில் மார்பு அடைபட்ட இடம். காதடைப்பும் அப்படியே. அடைப்புக்கு முன்னால் வருகிற சொல் அடைத்ததாக இருக்கலாம், அடைபட்டதாக இருக்கலாம், இடமாகவும் இருக்கலாம், தமிழ் மூன்றையும் தாங்கும். இதை வைத்து நீளமாக ஒரு மடலே எழுதி வைத்திருந்தேன்.

அனுப்பவில்லை. அதற்குள் எண்ணெய் மாற்றுவதற்காக அதே பெரியவரிடம் போகவேண்டியிருந்தது. போன இடத்தில், "அண்ணே, இதுக்கு ஆவியடைப்புன்னு பேர் வைக்கிறோம்" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடைப்புன்னு சொன்னீங்கன்னா பயலுக போய் ஜெட்ட ஊதுவாங்க." அவ்வளவுதான். என் பதினைந்து வரி வாதம் அங்கேயே விழுந்தது. ஒர்க் ஷாப்பில் அடைப்பு என்றால் தூசி, துரு, குப்பை. ஊதினாலோ குத்தினாலோ போகிற பொருள். என் வண்டியை மூன்று தடவை கெடுத்ததே அந்தச் சொல்தான், அதையே நான் பட்டியலில் ஏற்றப் பார்த்தேன். ஆவித்தடையும் இதே கேஸ்தான், கூடவே மின்தடைக்குத் தங்கச்சி மாதிரி ஒலிக்கிறது.

அதனால் நான் முன்வைப்பது: ஆவிக்கட்டு.

நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது என்கிறோம், தொண்டை கட்டிக்கொண்டது என்கிறோம், பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டிக்கொண்டது என்கிறோம். இதில் எதிலுமே வெளியிலிருந்து கல்லோ மண்ணோ வந்து உட்காரவில்லை. உள்ளே இருப்பதே ஒரு நிலைக்குப் போய் நகர மறுக்கிறது. பக்குவம் பார்த்தால் கட்டு இளகும், பால் கட்டுக்கு ஒத்தடம், பம்புக்கு ஈரத்துணி. முக்கியமாக, கட்டு என்று சொன்னால் யாரும் கம்பியை எடுத்துக் குத்தப் போக மாட்டார்கள். வினைச்சொல்லுக்கும் வேறு எங்கும் கை நீட்டத் தேவையில்லை. "கொடைக்கானல் ஏறும்போது மூன்றாவது வளைவில் ஆவி கட்டிக்கொண்டது, அரை மணியில் கட்டு விட்டது" என்று யோசிக்காமல் எழுத வருகிறது. ஆவிப்பூட்டை வைத்து இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், "ஆவிப்பூட்டு ஏற்பட்டது" என்றுதான் முடியும். ஏற்பட்டது என்ற சொல்லின் துணை இல்லாமல் நடக்க முடியாத கலைச்சொல்லை எனக்குப் பிடிக்காது.

கூட்டுச்சொல்லிலும் உரசிப் பார்த்தேன். பெட்ரோலுக்கான இந்திய தர நிர்ணயத்தில் வேப்பர் லாக் இண்டெக்ஸ் என்று ஓர் எண் உண்டு. 38 டிகிரியில் கிலோபாஸ்கலில் அளந்த ஆவியழுத்தத்தைப் பத்தால் பெருக்கி, 70 டிகிரிக்குள் ஆவியாகிவிடுகிற விழுக்காட்டை ஏழால் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் வருவது. கோடை மாதங்களுக்கு வரம்பு குறைவு. ஆவிக்கட்டுச் சுட்டெண். வாயில் இடறவில்லை. இந்த எண் இனிமேல் நிறையப் பேசப்படும் என்று நினைக்கிறேன். பெட்ரோல் பங்கில் இப்போது வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. தனி எத்தனால் பெட்ரோலைவிட மெதுவாகத்தான் ஆவியாகும், ஆனால் பெட்ரோலோடு சேர்ந்தால் கலவையின் ஆவியழுத்தம் ஏறுகிறது, மாப்பிள்ளையும் மச்சானும் தனித்தனியே சாதுவாக இருந்து சேர்ந்தால் ஆடுகிற மாதிரி. பம்பின் பழைய ரப்பர் சவ்வையும் எத்தனால் விட்டுவைப்பதில்லை, அது வேறு செலவு. புது வண்டிகளில் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்து அழுத்தத்தோடு தள்ளுவதால் அவர்களுக்கு இந்த நோய் அநேகமாகக் கிடையாது.

ஆவிக்கட்டில் குறை இல்லாமல் இல்லை. மந்திரவாதி போடுகிற கட்டு ஞாபகம் வரும் என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். நீராவி, ஆவியாதல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு ஆவியோடு பேய் எப்போதும் வந்துவிடுவதில்லை. பிடி என்ற வினை சேர்ந்தால்தான் வருகிறது.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. பெர்கொலேஷன் என்று இன்னொன்று உண்டு, இரண்டையும் குழப்பிக்கொண்டு இந்த இழையிலேயே ஒருவர் எழுதியிருந்தார். சூடான வண்டியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம், அந்தப் பத்து நிமிடத்தில் சோலெக்ஸ் கார்புரேட்டரின் கிண்ணத்தில் நிற்கிற பெட்ரோல் கொதித்து, பால் பொங்கிய மாதிரி வழிந்து எஞ்சினுக்குள் இறங்கிவிடும். அங்கே பெட்ரோல் இல்லை என்ற பேச்சே இல்லை, அதிகம். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும். ஆவிக்கட்டு என்று நினைத்து, பெட்ரோலைக் கூட்டுகிற சோக்கை இழுத்தால் போச்சு, பிளக் நனைந்துவிடும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். மருந்து நேர் எதிர் என்பதால் சொல்லும் தனியாக வேண்டும். பொங்கல் என்று வைக்க முடியாது. கொதிவழிவு என்று ஒன்று தோன்றியது, எனக்கே திருப்தி இல்லை. நெல்லை, கொங்குப் பக்கம் பழைய டாக்ஸி ஓட்டியவர்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் அவர்கள் இதை என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதுவரைக்கும் ஆவிப்பூட்டைப் பட்டியலில் ஏற்றாமல் நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பி.கு.: தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். ஈரத்துணி என்றால் பருத்தித் துண்டை நன்றாகப் பிழிந்து பம்பின் தலையிலும் அதற்கு வருகிற குழாயிலும் சுற்றுவது. பாட்டில் தண்ணீரை எடுத்து எஞ்சின் மேல் ஊற்றிவிடாதீர்கள், கொதிக்கிற வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.