கையர்வல்லி (1956): போர் முடிந்து பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு படமா?

சேலம்_செல்லுலாய்டு:
நேற்று ராத்திரி 'கையர்வல்லி' ('கழுகு வல்லி') என்ற ஜெர்மன் படம் பார்த்தேன். ஃபிரான்டிசெக் சாப் இயக்கம், பார்பரா ரூட்டிங் நாயகி. ஆஸ்திரியாவில் டிரோல் மலைக்கிராமம். பணக்காரப் பண்ணைக்காரர் தன் மகளை வின்சென்ஸுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். அவளுக்கோ கரடி வேட்டைக்காரன் யோசெஃப் மேல் மனசு. ஒத்துக்கொள்ளாதவளை மலைமேல் குடிசைக்கு விரட்டிவிடுகிறார். கூட இருப்பது, கயிற்றில் இறங்கிக் கூட்டிலிருந்து குஞ்சாக எடுத்து அவள் வளர்த்த கழுகு மட்டும்தான்.

கதை புரிகிறது. புரியாதது வேறு. ஹிட்லர் செத்துப் பதினோரு வருஷம்தான் ஆகியிருக்கிறது. ஜெர்மனி ஊர் ஊராக இடிந்து கிடந்த தேசம். படத்திலோ போரின் வாடையே இல்லை. இதைக் காசு கொடுத்து யார் பார்த்தார்கள்? 1940-லும் இதே கதை வந்ததாமே, அதைத் தேடிப் பார்க்கலாமா?

ரீல்பெட்டி:
இடிபாடுகளைக் காட்டியும் படம் எடுத்தார்கள். 1946-இல் இயக்குநர் ஸ்டவுட்டேயின் 'கொலைகாரர்கள் நம்மிடையே' பெர்லின் இடிபாட்டிலேயே எடுத்தது. ஆனால் வீட்டு வாசலில் கிடப்பதைத் தியேட்டரில் எத்தனை தடவை பார்ப்பார்கள்? 1950-இல் 'கறுப்புவனத்துப் பெண்' கலரில் வந்து சக்கைப்போடு போட்டது. அப்புறம் ஒரே மலை, காடு, மான், வேட்டைக்காரன்தான்.

இன்னொன்று, எல்லாம் பழைய சரக்கு. தயாரிப்பாளர் பீட்டர் ஆஸ்டர்மயர் 1934-இல் எடுத்த 'ஹூபர்டஸ் கோட்டை'யை 1954-இல் மறுபடி எடுத்தார். 1936-இல் எடுத்த 'ஃபால் ஊர் வேட்டைக்காரன்' 1956-இல் திரும்ப வந்தது. நடுவில் ஓர் உலகப்போர் நடந்ததே கதைக்குத் தெரியாது.

நெக்கார்க்கரை:
தம்பி, யார் பார்த்தார்கள் என்று கேட்டீர்கள். பார்த்தவர்களைத்தான் நான் பராமரிக்கிறேன். தென் ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிறு பின்னேரம் கோப்பியும் கேக்கும் வைக்கிற நேரத்தில் ரீவியில் இந்தப் படங்கள் ஓடும். காது கேளாதவர்கூடக் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார்.

சிலேசியாவில் பிறந்த ஓர் அம்மா இருந்தார். ரீசன்கெபிர்கே மலையடிவாரம். அப்போது ஜேர்மனி, இப்போது அது போலந்து. 1946இல் தாயோடு ரயிலில் ஏற்றி அனுப்பியபோது சின்னப் பிள்ளை. அப்படிக் கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட ஜேர்மானியர் ஒரு கோடியே இருபது லட்சம் அளவில். வந்து இறங்கிய கிராமங்களில் இவர்களை ஆரும் வாங்கோ என்று கூப்பிடவில்லை. அதிகாரிகள் ஒரு பண்ணைவீட்டின் பின்னறையை எடுத்துக் கொடுத்தார்கள். பண்ணைக்காரன் அடுப்பு மூட்டவும் விறகை எண்ணித்தான் தருவானாம்.

'கையர்வல்லி' ஓடும்போது அந்த அம்மா அழவில்லை, ஏக்கப்படவும் இல்லை. தகப்பன் மகளை அதட்டும் இடத்தில் 'அதே குரல், எங்கட விறகுக்காரன்' என்று சிரிப்பார். மாடு கறக்கிற காட்சி எந்தப் படத்தில் வந்தாலும் நடிகையின் விரலைத்தான் பார்ப்பார். கட்டைவிரலை உள்ளே மடித்துக் கறக்க வேண்டுமாம், நுனியைப் பிடித்து இழுத்தால் மாடு உதைக்குமாம். 'இவளுக்கு ஒரு சொட்டும் வராது' என்று தன் மடித்த விரலைக் காட்டுவார்.

போரை மறக்க வந்தவர்களுக்கான படம் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி. வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பெண்ணின் கதையை அவர்கள் வேறு மாதிரிப் பார்த்திருப்பார்கள். இந்த விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் பக்கச்சார்பு உண்டு. நானும் ஊரைவிட்டு வந்தவள்தானே.

சேலம்_செல்லுலாய்டு:
அக்கா, விறகை எண்ணித் தந்தது படத்தில் வந்திருந்தால் நான் கேள்வியே கேட்டிருக்க மாட்டேன்! சரி, 1940 படம்? அப்புறம் ஒரு பெண் கயிற்றில் இறங்கிக் கூட்டிலிருந்து குஞ்சை எடுப்பதெல்லாம் நடக்கிற காரியமா?

நெக்கார்க்கரை:
1940 படத்தில் ஹைடெமாரி ஹாத்தையர். நடிப்பில் ரூட்டிங்கைவிட முரடு, எனக்கு அவதான் வல்லி. ஆனால் இயக்குநர் ஹான்ஸ் ஸ்டைன்ஹோஃப், 1933இல் நாஜிகளுக்காக 'ஹிட்லர் சிறுவன் குவெக்ஸ்' எடுத்தவர். அதைத் தெரிந்துகொண்டு பாருங்கள். ரூட்டிங் பிற்காலத்தில் விலங்கு உரிமைக்காகக் குரல் கொடுத்து, பசுமைக் கட்சி சார்பில் பவேரியச் சட்டமன்றத்துக்கும் போனவர். குஞ்சைக் கூட்டிலிருந்து எடுக்கும் கதையில் நடித்தவர், பாருங்கோ.

ரீல்பெட்டி:
நடந்தேவிட்டது. அன்னா ஸ்டைனர்-க்னிட்டல் என்ற பெண், பிறப்பு 1841, டிரோலின் லெக் (Lech) பள்ளத்தாக்கு. ஆட்டுக்குட்டிகளைக் கழுகு தூக்கிப்போகிறது என்று கூட்டைக் கலைக்க ஆள் தேடினார்கள். ஆண்கள் யாரும் முன்வராததால் பதினேழு வயதில் இவர் கயிற்றில் இறங்கினார். பின்னாளில் ஓவியர் ஆகி, இன்ஸ்ப்ருக்கில் பெண்களுக்கு ஓவியப் பள்ளி நடத்தினார். கூட்டில் நிற்கும் தன்னைத் தானே வரைந்தும் இருக்கிறார். அவர் கதையிலிருந்துதான் வில்ஹெல்மீனே ஃபான் ஹில்லர்ன் நாவல் எழுதினார். நாவலில் களம் டிரோலின் எட்ஸ் (Ötz) பள்ளத்தாக்குக்கு மாறிவிட்டது, காதலும் கொலைவெறியும் சேர்ந்துகொண்டன. முதலில் அந்த ஓவியத்தைப் பாருங்கள், அப்புறம் 1940.