சிம் ஸ்வாப் ஏபிஐ: சிம் மாற்றிய தேதியை எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே, டெலிகாமில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். 2023-இல் ஜிஎஸ்எம்ஏ ஓப்பன் கேட்வே (நெட்வொர்க் வசதிகளைப் பொதுவான ஏபிஐ வழியே வெளி நிறுவனங்களுக்குத் தரும், மொபைல் நிறுவனங்கள் சங்கத்தின் திட்டம்) வந்தபின், எங்கள் நிறுவனத்திலும் அதற்கான பொது வடிவமான கமாரா ஏபிஐக்களைக் கொண்டுவரும் வேலை நடக்கிறது. ஏபிஐ வடிவம் எளிதுதான், கஷ்டமெல்லாம் அதற்குப் பின்னால் இருக்கும் பழைய சிஸ்டங்களில்.

சிம் ஸ்வாப் ஏபிஐயில், மோசடியைத் தவிர்க்க, கடந்த இத்தனை மணி நேரத்தில் சிம் மாறியதா என்று வங்கி கேட்கும், நாம் ஆம், இல்லை என்று சொல்ல வேண்டும். எங்கள் எச்எல்ஆரில் (வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும் நெட்வொர்க் பதிவேடு) இப்போதைய ஐஎம்எஸ்ஐ (சிம்மின் அடையாள எண்) மட்டும் இருக்கிறது, மாற்றிய தேதி பில்லிங்கில் இருக்கிறது. போன வாரம் பில்லிங் டேட்டாவைப் புது சர்வருக்கு மாற்றியதில், ஆறு வருடமாக ஒரே சிம் வைத்திருக்கும் என் சொந்த எண்ணுக்கே, கடந்த 240 மணி நேரத்தில் சிம் மாறியதா என்று கேட்டால் 'ஆம்' என்று பதில் வருகிறது! இது நேரலைக்குப் போனால் ஒரு தவறும் செய்யாதவரின் பணப் பரிமாற்றம் நின்றுவிடும், அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

தேதியை வேறு எங்கிருந்து எடுக்கிறீர்கள்? எச்எல்ஆரில் ஐஎம்எஸ்ஐ மாறும்போதே தனியாகப் பதிந்து வைக்கிறீர்களா? போர்ட் ஆகி வந்த எண்களுக்கு என்ன பதில் தருகிறீர்கள்?

அப்புறம் நம்பர் வெரிஃபிகேஷன் (போனில் இருப்பது அந்த எண்தானா என்று மொபைல் டேட்டா வழியே சரிபார்க்கும் ஏபிஐ), வைஃபையிலோ இரண்டாவது சிம்மின் டேட்டாவிலோ இருப்பவர்களுக்குத் தோற்றுப்போகிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.