சுவிட்சர்லாந்து மூன்றாம் உலக நாடா?

சாக்பீஸ்:
ஒன்பதாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். நேற்று பனிப்போர் பாடம். பலகையில் மூன்று கட்டம் போட்டேன். அமெரிக்கா பக்கம் முதல் உலகம், சோவியத் பக்கம் இரண்டாம் உலகம், எந்தப் பக்கமும் சேராதவை மூன்றாம் உலகம். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "அப்போ சுவிட்சர்லாந்து மூன்றாம் உலகமா டீச்சர்? அது பணக்கார நாடாச்சே" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டேன். அதைவிட உறுத்துவது, பிள்ளைகள் வைத்திருக்கும் ஒரு கைடில் "மூன்றாம் உலக நாடுகளில் பண்பாட்டு வளர்ச்சி குறைவு" என்று ஒரு வரி. என்ன சொல்லித் திருத்துவது?

பழைய அட்லஸ்:
டீச்சர், அந்தப் பையனை அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள். முப்பது வருடம் புவியியல் எடுத்தவன் சொல்கிறேன், குழப்பத்தின் முடிச்சை அவன் சரியாகப் பிடித்திருக்கிறான்.

'மூன்றாம் உலகம்' என்ற பெயரை 1952இல் ஆல்ஃபிரெட் சோவி என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கட்டுரையில் எழுதினார். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் பாதிரிமார், பிரபுக்கள் போக மிச்சமிருந்த மக்களை 'மூன்றாம் பிரிவினர்' என்பார்களே, அதை மனதில் வைத்துத்தான். புறக்கணிக்கப்பட்டவர்கள் தங்களுக்கும் இடம் கேட்கிறார்கள் என்பது அதன் பொருள். ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவர்கள் என்பதல்ல. 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடியபோது இந்தப் பெயர் ஒரு பெருமையாகவே இருந்தது.

காலப்போக்கில் அரசியல் அணியைக் குறித்த சொல் வறுமையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இரண்டு அளவுகோலையும் ஒரே பலகையில் வைத்தால் சுவிட்சர்லாந்து இடிக்கத்தான் செய்யும். அணி என்று பார்த்தால் அது நடுநிலை நாடு. வருமானம் என்று பார்த்தால் மேலே. யூகோஸ்லாவியா இன்னும் இடிக்கும். கம்யூனிஸ்ட் ஆட்சிதான், ஆனால் 1948இலேயே சோவியத் தலைவர் ஸ்டாலினோடு முறிவு, 1961இல் அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு அதன் தலைநகர் பெல்கிரேடில்.

அந்தக் கைடு வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். அது தப்பு மட்டுமில்லை, பிள்ளைகள் மனதில் தங்கிவிடும் தப்பு. டைலர் என்ற மானிடவியல் அறிஞர் 1871இலேயே அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று ஒரு சமூகத்தில் மனிதன் கற்றுக்கொள்ளும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பண்பாடு என்றார். அதில் வருமானம் எங்கே வருகிறது?

பனங்கூடல்:
நான் யாழ்ப்பாணம். 2019 ஜூலையில் உலக வங்கி இலங்கையை உயர் நடுத்தர வருமானப் பட்டியலில் ஏற்றியது. 2020 ஜூலையில் ஒரு படி இறக்கியது. ஆளுக்கு இவ்வளவு வருமானம் என்று ஒரு கோடு, அவ்வளவுதான் கணக்கு. இரண்டு ஜூலையிலும் ஆடிப்பிறப்பு வந்தது. அம்மா அதே பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் விட்டுத்தான் கூழ் காய்ச்சினா. முதல் கிண்ணம் பக்கத்து வீட்டுக்குத்தான் போனது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ டீச்சர்.

சாக்பீஸ்:
இருவருக்கும் நன்றி. இன்று பலகையில் அந்த மூன்று கட்டத்தை அழித்துவிட்டு, அணிக்கு ஒன்று, வருமானத்துக்கு ஒன்று என்று இரண்டு தனிப் பட்டியல் போட்டேன். பண்பாட்டுக்குப் பட்டியல் போடவில்லை. அந்தக் கூழ்க் கதையைச் சொன்னேன். கைடு வரியைப் பிள்ளைகளே பேனாவால் அடித்தார்கள். அப்புறம் அதே பையன் சுவர் வரைபடத்தின் பக்கத்தில் போய் நின்று, "யூகோஸ்லாவியாவைக் காணோமே டீச்சர்?" என்கிறான். அட்லஸ் சார், உங்களிடம் பழைய வரைபடம் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?