62,000 ரூபாய் சைக்கிளுக்கு 75,000 ரூபாய் சக்கரம்: யாராவது தடுத்து நிறுத்துங்கள்

ஈசிஆர்_ஞாயிறு:

வணக்கம் நண்பர்களே, சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். என்னிடம் இருப்பது அலுமினிய ஃப்ரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ கம்பெனியின் ஆரம்பநிலை கியர் செட்டான சோரா 9 கியர், கேபிளில் இழுக்கிற டிஸ்க் பிரேக், எல்லாம் சேர்த்துப் பத்தரை கிலோ. மூன்று வருடத்துக்கு முன் 62,000 கொடுத்து வாங்கினேன். ஞாயிறுதோறும் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய் வருவேன், வாரநாளில் ஒருமுறை விடியற்காலையில் கோவளம் வரை. வயது 38, எடை 74. சராசரி வேகம் 25, கடற்காற்று தயவு வைத்தால் 26. டிசம்பரில் முதல்முறையாக 200 கி.மீ. பிஆர்எம்முக்கு, அதாவது நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், பொங்கல் முடிந்ததும் கொல்லிமலை ஏறலாம் என்று ஓர் ஆசை.

இப்போது ஆபீஸில் போனஸ் வந்திருக்கிறது. கூட ஓட்டுகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் தன்னிடம் இருக்கும் பழைய அல்டெக்ரா 6800 செட்டை (ஷிமானோவில் மேல்தட்டு), பெடல் மாட்டும் கிராங்கோடு 38,000க்குத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் பழசெல்லாம் வேண்டாம், ஷிமானோவின் நடுத்தர செட்டான புதிய 105, 12 கியர், எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கிற ஹைட்ராலிக் பிரேக்கோடு போடு, 70,000 பக்கம் வரும் என்கிறார். மூன்றாமவர் இருக்கிறாரே, அவர்தான் என் தூக்கத்தைக் கெடுத்தவர். 50 மில்லிமீட்டர் ஆழ ரிம் உள்ள கார்பன் சக்கரம் போட்டு முட்டுக்காடு பாலத்தில் என்னைத் தாண்டிப் போகும்போது வ்வூம் வ்வூம் என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அதிலிருந்து வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. அந்தச் சக்கரம் 75,000. சைக்கிளைவிடச் சக்கரம் விலை அதிகம் என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

விலைக்கேற்ற வித்தியாசம் காலில் தெரியுமா, இல்லை கண்ணுக்கு மட்டும்தானா? சொந்தக் காசில் வாங்கி ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

சேலம்_மிதி:

கொல்லிமலை என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. நான் சுமாராக மிதிக்கிறவன், எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஏற்றத்தில் எடைதான் எதிரி, அது நிஜம், ஆனால் எந்த எடை என்று பாருங்கள் தம்பி. நீங்கள் 74, சைக்கிள் பத்தரை, இரண்டு பாட்டில் தண்ணீர், ஷூ, ஹெல்மெட், பம்ப், ட்யூப் எல்லாம் போட்டால் 88 கிலோவாவது வரும். ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்து ஒரு கிலோ குறைத்தீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மொத்தத்தில் அது நூற்றுக்கு ஒன்றும் கொஞ்சமும்தான். இரண்டு மணி நேர ஏற்றத்தில் ஒன்றரை நிமிடம்கூட மிச்சமாகாது. மேலே போய் அன்னாசிப்பழத்துக்குப் பேரம் பேசவே நான் அதைவிட அதிக நேரம் நிற்கிறேன்.

ஷிமானோவின் 11 கியர் தலைமுறையில் உச்சியில் இருந்த டூரா-ஏஸையும் 105ஐயும் முழு செட்டாகத் தராசில் வைத்தால் வித்தியாசம் சுமார் அரை கிலோ. பந்தயக்காரர்களுக்கு அது பெரிது, அவர்கள் நொடிக்கணக்கில் ஜெயிக்கிறவர்கள், அவர்களுக்கே 6.8 கிலோவுக்குக் கீழே சைக்கிள் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. நமக்கு அந்த அரை கிலோ ஒரு பாட்டில் தண்ணீர்.

உங்களுக்கு மலையில் வேண்டியது எடை குறைவான கியர் அல்ல, மிதிக்க லேசான கியர். பின்னால் என்ன கேசட், அதாவது பற்சக்கர அடுக்கு, இருக்கிறது? 11-28 (சிறியதில் 11 பல், பெரியதில் 28) என்றால் முதலில் அதைக் கழற்றி 11-34 போடுங்கள். முன்னே சின்னப் பல்சக்கரம் 34, பின்னே 34, ஒரு மிதிக்கு ஒரு சுற்று. 9 கியர் கேசட் இரண்டாயிரம் சொச்சத்துக்குள் கிடைக்கும், செயினும் கொஞ்சம் நீளமாக வேண்டியிருக்கும். செயினை கியருக்குக் கியர் நகர்த்துகிற டெரெய்லர் நீளக் கூண்டு உள்ளதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், குட்டைக் கூண்டு 34 பல்லைத் தாங்காது. ஐம்பதாவது வளைவில் முழங்கால் கெஞ்சும்போது அந்த 34 செய்கிற உதவியை எந்தக் கார்பனும் செய்யாது.

ஆனால் ஒன்று. இறங்கும்போது கதை வேறு. அந்த 70 வளைவையும் கேபிள் பிரேக்கில் பிடித்துப் பிடித்து இறங்கினேன் ஒருமுறை, கீழே வந்ததும் டீ கிளாஸைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. இப்போது ஹைட்ராலிக். ஒரே விரலில் நிற்கிறது. காசு தெரிவது இறக்கத்தில்தான்.

சும்மா_வேடிக்கை:

வாங்கிவிடுங்கள் ப்ரோ, போனஸ் அடுத்த வருடமும் வரும். அப்புறம் அந்தப் பழைய சோராவை எனக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஓவராயில்_கடை:

நான் கடை வைத்திருப்பவன், அதனால் நான் சொல்லப்போவதில் நஷ்டம் எனக்குத்தான்.

முதலில் அந்தப் பழைய 6800. அவசரப்பட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கிராங்க் உள்ளே கூடாக இருக்கும், இரண்டு பாதியைப் பசை போட்டு ஒட்டியது. 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான 11 கியர் அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்குகளில் அந்த ஒட்டு விட்டுப் பிரிகிறது என்று 2023 செப்டம்பரில் ஷிமானோவே அறிவித்து, எல்லாவற்றையும் சோதித்து, பழுதானதை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னது. அமெரிக்காவில் மட்டும் 6,80,000 கிராங்க். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பட்டியலில் 105 கிடையாது, ஏனென்றால் 105 கிராங்க் ஒட்டிச் செய்ததில்லை. விலை கூடினால் பலமும் கூடும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உங்கள் நண்பருடைய கிராங்கைத் திருப்பி உள்பக்கக் குறியீட்டைப் பாருங்கள், சோதனைக்குப் போய் வந்ததா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் லிவரும் டெரெய்லரும் மட்டும் பேசுங்கள், கிராங்க் வேண்டாம்.

இன்னொன்று, 105 ஆகட்டும் 6800 ஆகட்டும், உங்கள் பின்சக்கரத்தில் கேசட் மாட்டுகிற ஃப்ரீஹப் 8, 9, 10 கியருக்கான பழைய அளவாக இருந்தால் 1.85 மி.மீ. குட்டை. 11, 12 கியர் ரோடு கேசட்டில் பெரும்பாலானவை அதில் உட்காராது. அப்போது 38,000 என்பது சக்கரத்தையும் சேர்த்து எங்கேயோ போய் நிற்கும். யாரும் இதை முதலில் சொல்ல மாட்டார்கள்.

இனி கார்பன் சக்கரம். அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ஓட்டுவது ஈசிஆரில். உப்புக்காற்று. கார்பன் ரிம்மும், கம்பிகளை அதில் இறுக்குகிற அலுமினிய நிப்பிளும், உப்பு ஈரமும் ஓரிடத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும், வெளியே எதுவும் தெரியாது, ஒருநாள் கோட்டம் எடுக்கத் திருகும்போது நிப்பிள் கையோடு வரும். வாங்கியே தீருவேன் என்றால் பித்தளை நிப்பிள் போட்டுக் கட்டித் தரச் சொல்லுங்கள், சில கிராம் கூடினால் கூடட்டும். அப்புறம் பக்கவாட்டுக் காற்று. முன்சக்கரம் 50 மி.மீ. ஆழம் என்றால் முட்டுக்காட்டில் ஹேண்டில்பாரை யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருக்கும். பழகிவிடும், ஆனால் பழகும் வரைக்கும் பக்கத்தில் பஸ் வராமல் இருக்க வேண்டும்.

கடைசியாக, எல்லாரும் மறந்துவிடுகிற சமாச்சாரம். உங்கள் செயினை எப்போது மாற்றினீர்கள்? மூன்று வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள், செயின் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஸ்டீல் ஸ்கேலை எடுங்கள். ஓர் ஊசியின் நடுவில் பூஜ்யத்தை வைத்து 24 கண்ணி எண்ணினால் 24ஆவது ஊசி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒன்று, தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒன்று, தள்ளி நின்றால் கேசட்டையும் அது தின்றுவிட்டது என்று அர்த்தம். அந்தச் செயினோடு டூரா-ஏஸ் போட்டாலும் கியர் குதிக்கும், நல்ல செயினோடு சோரா வெண்ணெய் மாதிரி விழும். கடற்கரை ஓட்டம் முடிந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீர் மேலாக ஊற்றித் துடையுங்கள். பைக் கழுவுகிற கடையில் பீய்ச்சி அடிக்கக் கொடுக்காதீர்கள், ஹப்புக்குள் தண்ணீர் போனால் பால்ரஸ் செத்தது.

டூரா_ஏமாளி:

பெயரே சொல்லும். நான் வாங்கினேன். டூரா-ஏஸ், முழு செட், 2019இல். எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், என் மனைவி இதைப் படிக்க வாய்ப்பிருக்கிறது.

முதல் மாதம் சொர்க்கம். லிவர் எடை, அழுத்தும்போது வருகிற அந்தச் சின்ன க்ளிக், எல்லாம் சரிதான். மூன்றாவது மாதம் என் கை பழகிவிட்டது, அதோடு முடிந்தது, இப்போது தம்பியின் 105ஐ வாங்கி ஓட்டினால் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று என்னால் சொல்ல முடியாது. அப்புறம் கேசட் தேய்ந்தது. அதில் பெரிய பற்சக்கரங்கள் டைட்டானியம், எடை குறையட்டும் என்று வைத்தது, எஃகைவிடச் சீக்கிரம் தேயும். மாற்ற விலை கேட்டேன், அந்தக் காசுக்கு உள்ளூரில் ஒரு கியர் சைக்கிளே வரும். இப்போது டூரா-ஏஸ் டெரெய்லருக்கு 105 கேசட் போட்டு ஓட்டுகிறேன், அதற்கு ஒன்றும் கோபமில்லை.

பீங்கான் பேரிங்கும் வாங்கினேன், அதை மட்டும் கேட்காதீர்கள். மிச்சமாவது ஒரு வாட் அளவுக்குத்தான், அதுவும் ஆய்வுக்கூடத்தில்.

ஆனாலும் விற்கவில்லை. காலையில் கதவைத் திறந்து அதைப் பார்த்தால் ஓட்ட வேண்டும் போல இருக்கிறது, மழைநாளில்கூட. அதற்கு எத்தனை ரூபாய் என்று போட்டுக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேகம் வேண்டும் என்றால் வாங்காதீர்கள். ஆசையாக இருக்கிறது, காசும் இருக்கிறது, கடன் இல்லை என்றால் வாங்கிவிட்டு யாரிடமும் கணக்குச் சொல்லாதீர்கள்.

வைகைக்கரை:

இத்தனை பேர் எழுதியும் உட்காருகிற இடத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! 200, 300, 400, 600 கி.மீ. பிஆர்எம் எல்லாம் முடித்திருக்கிறேன், என் சைக்கிளில் இருப்பது சோராவுக்கு ஒரு படி மேலே உள்ள டியாக்ரா 10 கியர். 200க்கு உங்களுக்குக் கிடைப்பது பதின்மூன்றரை மணி நேரம், நிற்கிறது, சாப்பிடுகிறது எல்லாம் சேர்த்து. நிற்பதையும் சேர்த்து சராசரி மணிக்கு 15 இருந்தாலே முடித்துவிடலாம். பாதியில் விட்டவர்களில் கியர் போதவில்லை என்று விட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை தம்பி. புண், கை மரத்துப்போவது, கழுத்து, வயிறு, தொடர் பஞ்சர், இவ்வளவுதான் காரணம்.

அதனால் முதல் காசு நல்ல பிப் ஷார்ட்ஸுக்கு, அதாவது தோள்பட்டையும் உள்ளே மெத்தையும் வைத்த சைக்கிள் கால்சட்டைக்கு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். அடுத்தது உங்கள் இடுப்பு எலும்பு அகலத்துக்கேற்ற சீட், மெத்து மெத்தென்று இருப்பது இல்லை. அடுத்து யாராவது விவரம் தெரிந்தவரிடம் ஒரு ஃபிட், சைக்கிளை உடம்புக்கேற்ப அளந்து பொருத்துவது. சமதளத்தில் 30இல் போகும்போது நம் உழைப்பில் முக்கால் பங்கு காற்றுக்குத்தான் போகிறது, அந்தக் காற்று மோதுவது பெரும்பாலும் உடம்பில்தான், சக்கரத்தில் இல்லை. முழங்கையை மடக்கி அரை மணி நேரம் வலியில்லாமல் இருக்க முடிந்தால் அதுவே 50 மி.மீ. கார்பனைவிடப் பெரிது.

அப்புறம் டயர். இதில் மட்டும் நான் விலை பார்ப்பதில்லை. சைக்கிளோடு வந்த கம்பி டயரைக் கழற்றிவிட்டு கான்டினென்டல் ஜிபி 5000 மாதிரி ஒன்றைப் போட்டால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துப் பத்து வாட்டாவது மிச்சமாகும். 28 மி.மீ. உள்ளே போனால் 28 போடுங்கள், காற்று 110 எல்லாம் அடிக்காதீர்கள், உங்கள் எடைக்கு 75 பிஎஸ்ஐ போதும், நம் ரோட்டுக்கு அதுதான் வேகம். வீட்டில் சொல்லிக்கொள்ளும் விலைதான். ஓவராயில் அண்ணன் சொன்ன செயின் விஷயத்துக்கும் என் ஓட்டு.

ஈசிஆர்_ஞாயிறு:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து வந்ததற்கு மன்னிக்கவும், அளந்து பார்த்துவிட்டுப் பதில் போடலாம் என்றுதான்.

ஓவராயில் அண்ணே, உங்கள் சந்தேகம் சரி. அரைக்கால் அங்குலத்தையே தாண்டி நிற்கிறது. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட மாற்றவில்லை, எண்ணெய் விட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கியர் குதிப்பது சோராவின் தரம் என்று வேறு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன், அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. 6800 கிராங்கைப் பற்றி நண்பரிடம் கேட்டேன், முகம் மாறிவிட்டது, சோதனை பற்றி அவருக்கே தெரியாதாம். இப்போது அவர் அதைக் கழற்றிக்கொண்டு விநியோகஸ்தரைத் தேடிப் போயிருக்கிறார்.

இப்போதைக்குச் செயின், 11-34 கேசட் (கூண்டு நீளம்தான், பார்த்துவிட்டேன்), டயர் இரண்டு, பிப் ஷார்ட்ஸ். எல்லாம் சேர்த்து 20,000க்குள் நிற்கும் போலிருக்கிறது. ஹைட்ராலிக் 105ஐக் கொல்லிமலை இறங்கிவிட்டு முடிவு செய்கிறேன், விரல் மடங்குகிறதா என்று பார்த்துவிட்டு. சக்கரத்தின் படம் இன்னும் போனில் இருக்கிறது, அழிக்கவில்லை.

வைகைக்கரை அக்கா, ஒரு கேள்வி. ஃபோர்க்கில் 28 தாராளமாகப் போகிறது, பின்னால் சீட் ட்யூப் பக்கம் மூன்று மி.மீ. இடம்தான் தெரிகிறது. போடலாமா?

வைகைக்கரை:

மூன்று போதாது, நல்ல டயர் ரிம்மில் ஏறினால் எழுதியிருப்பதைவிட ஒன்றிரண்டு மி.மீ. பருத்து நிற்கும், ஒரு சின்னக் கல் மாட்டினாலும் பெயின்ட் போய்விடும். முன்னே 28, பின்னே 25 போடுங்கள். பின்னால் மட்டும் காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.