தவறான சான்றிதழைக் காட்டிப் பார்த்தீர்களா?

ஓர் இணையதளம் தன் அடையாளத்தை நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழை மென்பொருள் சரிபார்ப்பதில் உள்ள ஓட்டைகளை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற நிறுவனங்களின் மென்பொருளை வாங்கி, பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. அதில் என் கண்ணில் பட்ட இரண்டை எழுதுகிறேன்.

முதலாவது, ஒரு இணையக் கடை. பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதியது. உபுண்டு 12.04 இயங்குதளம் ஓடும் பழைய சர்வர், அதில் கர்ல் 7.22. மற்ற சர்வர்களோடு பேச உதவும் லைப்ரரி, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல், அது. பணம் வசூலிக்கும் வங்கியின் பேமெண்ட் கேட்வேயோடு பேசும் பகுதியை டெவலப்பர் பொறுப்பாகத்தான் எழுதியிருந்தார். வெரிஃபைபியர் (சான்றிதழ் அசலா), வெரிஃபைஹோஸ்ட் (அதில் உள்ள பெயர் சரியா) என்ற இரண்டு செட்டிங்குக்கும் ட்ரூ, அதாவது 'ஆம்'. படித்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தக் காலத்துக் கர்லில் வெரிஃபைஹோஸ்ட் என்பது மூன்று நிலை உள்ள செட்டிங். 0 கொடுத்தால் பெயரையே பார்க்காது. 1 கொடுத்தால் சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். 2 கொடுத்தால்தான் நாம் கூப்பிட்ட பெயரும் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று ஒப்பிடும். பிஎச்பியின் ட்ரூ அங்கே போய் 1 ஆகிவிடுகிறது. வாசலில் அடையாள அட்டையை வாங்கி, அட்டை அசல்தான் என்று உறுதி செய்துகொண்டு, அதில் யார் பெயர் இருக்கிறது என்று படிக்காமலே உள்ளே விடுவது போல.

சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று செய்தே காட்டினோம். எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கேட்வேயின் பெயருக்கு எதிரே எங்கள் சோதனை மெஷினின் ஐபி முகவரியைப் போட்டோம். அந்த மெஷினில் இருந்தது எங்கள் சொந்த டொமைனுக்கு முறைப்படி வாங்கிய சான்றிதழ். வங்கிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கடையில் ஒரு சோதனை ஆர்டர் போட்டோம். எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை, லாகில் ஒரு வரி கூட இல்லை. ஆர்டர் எண், தொகை, கடையின் மெர்ச்சன்ட் சாவி எல்லாம் எங்கள் திரையில் வந்து விழுந்தன.

அந்த டெவலப்பரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே சிக்கலை 2012-இல் டெக்சாஸ் (ஆஸ்டின்), ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியே கொண்டுவந்தபோது, அமேசானின் பணப் பட்டுவாடா சேவைக்கான பிஎச்பி லைப்ரரியிலேயே இந்த ட்ரூ இருந்தது. கர்ல் ஆவணத்தில் 2 என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனாலும் 'ஆம்' என்று சொல்பவருக்குப் பாதி வேலையை மட்டும் செய்துகொடுக்கும் செட்டிங்கை வடிவமைத்ததுதான் தவறு என்பேன். கர்ல் குழு அதை ஏற்றுக்கொண்டு, 7.28.1 பதிப்பில் 1 கொடுத்தால் பிழை வரும்படி செய்தது. 7.66.0 முதல் 1 கொடுத்தாலும் 2 போலவே முழுச் சரிபார்ப்பு நடக்கிறது. நல்ல முடிவு.

பயன்படுத்துபவர் கையில்தான் தவறு நடக்கும் என்றும் இல்லை. லைப்ரரிக்குள்ளேயே நடந்திருக்கிறது. 2014 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் இப்படி ஒரு ஓட்டையை அடைக்க ஐஓஎஸ் 7.0.6 வெளியிட்டது நினைவிருக்கும். சர்வரின் கையொப்பத்தைச் சோதிக்கும் ஃபங்ஷனில் 'கோட்டூ ஃபெயில்' ('ஃபெயில்' என்ற இடத்துக்குத் தாவு) என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை வந்துவிட்டது. முதலாவது இஃப் என்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது. பெயர்தான் ஃபெயில், அங்கே போகும்போது பிழை எண் 0-ஆகவே இருந்ததால் 'எல்லாம் சரி' என்ற பதில் திரும்பியது. கையொப்பத்தை உண்மையில் சோதிக்கும் வரி அதற்குக் கீழே, ஒருபோதும் ஓடாமல் கிடந்தது.

இரண்டு வாரத்துக்குள், பாதுகாப்பான இணைப்புக்கான குனூ டிஎல்எஸ் லைப்ரரியில் இன்னொன்று. ஒரு சான்றிதழுக்குப் பிறருக்குச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் உண்டா என்று பார்க்கும் ஃபங்ஷன், ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0 தர வேண்டும். நடுவில் பிழை வந்தால் அது எதிர்ம எண்ணைத் திருப்பியது. அதைக் கூப்பிட்ட நிரல் 0-வா என்று மட்டும் பார்த்தது. ஆக, பிழையும் 'ஆம்' ஆகிப்போனது. 2009 ஜனவரியில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற அதே வகை லைப்ரரியில் சரிசெய்ததும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

இவை வருடக்கணக்கில் கூட ஒளிந்திருக்க முடிவதற்குக் காரணம், சரியான சான்றிதழைக் காட்டினால் எல்லாம் சரியாகவே ஓடும் என்பதுதான். பயனர் புகார் சொல்ல மாட்டார், டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே இருக்கும். தவறானதைக் காட்டினால் மறுக்கிறதா என்று யாராவது கேட்டால்தான் தெரியும். அந்த டெஸ்டை எழுதி வைத்திருப்பவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

அடுத்த அனுபவம் தலைகீழானது. 2020 மே 30, சனிக்கிழமை, நம் நேரம் மாலை 4:18. ஆட்ட்ரஸ்ட் என்ற மூலச் சான்றிதழ் (மற்ற சான்றிதழ்களின் நம்பிக்கைக்கு அடிப்படையானது) இருபது ஆண்டு ஆயுள் முடிந்து காலாவதியானது. பல சர்வர்கள் அதுவரை போகும் சங்கிலியையே, அதாவது ஒன்றுக்கு ஒன்று உறுதி தரும் சான்றிதழ் வரிசையையே, அனுப்பிக்கொண்டிருந்தன. பிரவுசர்கள் புதிய மூலச் சான்றிதழ் வழியாக வேறு பாதை கண்டுபிடித்துக்கொண்டன. பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லும் பழைய குனூ டிஎல்எஸ்ஸும் அனுப்பிய பாதையிலேயே கடைசிவரை போய், 'காலாவதி' என்று கதவைச் சாத்தின.

சரியான மருந்து சின்னது. உபுண்டுவில் நம்பும் மூலச் சான்றிதழ்களைப் பட்டியலிடும் சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் கான்ஃபிக் கோப்பில் ஆட்ட்ரஸ்ட் வரியின் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டு, அப்டேட் கட்டளையை ஓட்டினால் போதும். நாங்கள் பிற்பாடு ஆய்வுக்குப் போன ஒரு நிறுவனத்தில் யாரோ அவசரத்தில் வேறு மருந்து கொடுத்திருந்தார்கள். கிடங்கு இருப்பை அனுப்பும் ஷெல் ஸ்கிரிப்டில் கர்ல் கட்டளைக்குப் பக்கத்தில் '-கே'. அதாவது, சரிபார்ப்பே வேண்டாம். மேலே கமெண்டில் 'தற்காலிகம்' என்று எழுதியிருந்தது. நாங்கள் போனபோதும் அது அப்படியே இருந்தது. அந்த வழியாகத்தான் பாஸ்வேர்டும் போய்க்கொண்டிருந்தது.

மாற்றுப் பாதை தேடுவது லேசான வேலையும் இல்லை. 2015 ஜூனில் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1என், 1.0.2பி பதிப்புகளில் அதற்கான நிரலைச் சேர்த்தார்கள். முதல் பாதை தோற்று அடுத்ததைத் தேடும்போது, வழங்கும் அதிகாரம் உண்டா என்ற சோதனையையே ஏமாற்ற முடிந்தது. சாதாரணத் தளச் சான்றிதழ் வைத்திருப்பவர் யார் பெயரில் வேண்டுமானாலும் சான்றிதழ் செய்துகொள்ளலாம் என்ற நிலை. கூகுளில் போரிங்எஸ்எஸ்எல் (ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து கிளைத்த லைப்ரரி) குழுவினர் கண்டுபிடித்துச் சொல்ல, ஜூலை 9 அன்று திருத்தம் வந்தது. ஒரு மாதத்துக்குள் பிடிபட்டதே பெரிய விஷயம்.

இப்போது எங்களிடம் வரும் எந்த மென்பொருளையும் முதலில், வேண்டுமென்றே தவறான சான்றிதழ்களைக் காட்டும் பேட்எஸ்எஸ்எல் தளத்தின் பக்கங்களுக்கு அனுப்புகிறோம். காலாவதியானது, வேறு பெயருடையது, தானே கையொப்பமிட்டது, நம்பிக்கையில்லாத மூலத்திலிருந்து வந்தது என்று தனித்தனி முகவரிகள் அங்கே இருக்கின்றன. நான்கிலும் இணைப்பு அறுபட வேண்டும். அப்புறம் தளச் சான்றிதழால் கையொப்பமிட்ட இன்னொரு சான்றிதழை நாங்களே செய்து காட்டுகிறோம். ஐந்தையும் தானியங்கி டெஸ்டில் சேர்த்துவிடச் சொல்கிறோம், ஏனென்றால் அடுத்த அப்டேட்டில் என்ன மாறும் என்று யாருக்கும் தெரியாது.

ஜாவா பக்கம் எனக்கு அனுபவம் குறைவு. 2022 ஏப்ரலில் ஜாவா 15 முதல் 18 வரை, கையொப்பத்தின் இரண்டு எண்களும் பூஜ்யமாக இருந்தாலே இசிடிஎஸ்ஏ என்ற கையொப்ப முறையின் சோதனை ஏற்றுக்கொண்ட ஓட்டை வெளியானது அல்லவா? அதை வேலையில் நேரடியாகச் சந்தித்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் சோதித்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். எங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.